கட்டிப்போன மணல்

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மல்லாட்டை (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) எண்ணெய் ஆலையில் நான் மூன்று வருஷம் கெமிஸ்டாக வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுவில். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் போய், அங்கிருந்து டவுன் பஸ். பி.எஸ்ஸி. முடித்த கையோடு கிடைத்த வேலை. எண்ணெயில் அமிலம் எவ்வளவு, பிண்ணாக்கில் எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பாய்லர் பக்கம் எனக்கு வேலையே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் பாய்லர் தண்ணீரை எடுத்துச் சோதித்துச் சொன்னால் போதும்.

அந்த ஒருநாளில்தான் அவர்களைப் பார்த்தேன்.

அந்த பாய்லர் அப்போது புது மாதிரி. அடுப்பின் அடியில் ஓட்டைகள் போட்ட இரும்புத் தட்டு, அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல். கீழேயிருந்து புளோயர் காற்றை ஊதினால் மணல் உலைக் கஞ்சி மாதிரி கொதிக்கும். பழுக்கச் சுட்ட அந்த மணலுக்குள் மல்லாட்டைத் தோலைத் தூவிக்கொண்டே இருந்தால், விழுந்த கணத்தில் எரிந்து சாம்பலாகிவிடும். தோலுக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. உடைப்பு மெஷினுக்குப் பின்னால் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். தோலைக் கொண்டே ஆலை ஓடும், விறகே வேண்டாம் என்று முதலாளிக்கு ஏகப்பட்ட பெருமை.

ஆனால் நாலைந்து நாளுக்கு மேல் ஓடாது. மணல் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும். கொதிப்பு அடங்கும். கடைசியில் பெட் என்று நாங்கள் சொல்கிற அந்த மணல் படுகை மொத்தமும் ஒரே பாறையாக இறுகிவிடும். 'கட்டிடுச்சு' என்பார்கள். உடனே அடுப்பை நிறுத்தி, பாறையை வெட்டி வெளியே எடுத்து, புது மணல் கொட்ட வேண்டும். ஒன்றரை நாளாவது ஆறப் போட்டால்தான் மனுஷன் உள்ளே கால் வைக்க முடியும். ஆறப் போடுகிற வழக்கம் எங்கள் ஆலையில் இல்லை.

நான் தண்ணீர் பாட்டிலோடு போனபோது அடுப்பின் பக்கத்து வாசல் வழியாக ஒரு ஆள் தலையை நீட்டினார். வாசல் என்றால் ஒரு பெரிய லாரி டயர் அளவு வட்டம், அவ்வளவுதான். உடம்பு முழுக்க நனைத்த சாக்கு சுற்றியிருந்தது. சாக்கிலிருந்து ஆவி பறந்தது. கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அவர் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கடப்பாரையோடு உள்ளே நுழைந்தார். அண்ணன் தம்பிகள். ஆலைக்குப் பின்னாலிருந்த காலனிக்காரர்கள். வெளியே வந்தவர் தண்ணீர் கேட்டார். பானைமேல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. வாட்ச்மேன் அந்த டம்ளரில் மொண்டு, அவர் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினார்.

"ஆறவே இல்லையே அண்ணே, எப்படி இறங்கறாங்க?" என்று பாய்லர்க்காரரிடம் கேட்டேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். பாய்லர் ஓட்டுவதற்குப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத்தான் ஷிப்டுக்கு வருவார்.

"ஆறுற வரைக்கும் யாரு மேடம் உடறாங்க? நூறு எண்றதுக்குள்ள வெட்டிட்டு வெளிய வந்துரணும். அப்புறம் அடுத்தவன். இப்பிடியே மாத்தி மாத்தி எறங்கிக்கினு இருப்பானுங்க."

"நீங்க இறங்கியிருக்கீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "என் சர்டிபிகேட்டுல உள்ள எறங்கணும்னு எழுதல. அவனுங்களுக்கு அது ஒண்ணுதான் எழுதிக்கீது. ரெண்டு பேரும் என் அத்தை புள்ளைங்க மேடம்."

வெட்டியெடுத்த பாறையில் ஒரு துண்டை லேபுக்கு எடுத்துப் போனேன். உடைத்துப் பார்த்தால் உள்ளே வெறும் மணல் இல்லை. கரும்பச்சை நிறத்தில் பளபளவென்று கண்ணாடி. மணல் துகளெல்லாம் கமர்கட்டில் ஒட்டிய தேங்காய்ப்பூ மாதிரி அதில் சிக்கிக் கிடந்தன. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தது ஞாபகம் வந்தது: மணலையும் காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கண்ணாடி. மல்லாட்டைத் தோல் சாம்பலில் இருப்பது சாம்பல் காரம். மணலில் இருப்பது சிலிக்கா. ஆக, இந்த மகானுபாவர்கள் நாலு நாளைக்கு ஒருமுறை அடுப்புக்குள் கண்ணாடி காய்ச்சிவிட்டு, அதை வெட்ட மனுஷனை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்த முதல் நாள் அது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. யாராவது ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்திருந்தால் போதும். அவர்கள் வேலை நின்றுபோகிற இடத்தில் மட்டும்தான் நின்று பார்த்தார்கள். மனுஷன் வேகிற இடத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை.

மணல் இல்லாத, ஆனால் மணல் மாதிரி இருக்கிற ஏதாவது வேண்டும் என்று பாய்லர்க்காரரிடம் சொன்னேன். அடுத்த நாள் மூன்று பொட்டலம் கொண்டு வந்தார். ஒன்றில் செங்கல் தூள். இன்னொன்றில் கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பை அடிக்கும்போது உதிர்கிற கருப்புச் செதில். மூன்றாவது, அவர் ஊர்ப்பக்கம் மேட்டில் வெட்டி ரோட்டுக்குக் கொட்டுகிற செஞ்சரளை.

லேபில் ஒரு சின்ன சூளை அடுப்பு இருந்தது. நாலு பீங்கான் கிண்ணங்களில் அந்த மூன்றையும் ஆற்று மணலையும் தனித்தனியாகப் போட்டு, தோல் சாம்பல் கலந்து ஒரே சூட்டில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். மணல் கிண்ணத்தைக் கவிழ்த்தால் விழவே இல்லை, அச்சுவெல்லம் மாதிரி இறுகிக் கிடந்தது. செங்கல் தூள் பாதி கட்டியிருந்தது. இரும்புச் செதிலும் செஞ்சரளையும் பொலபொலவென்று கொட்டின. சரளையைக் கரைத்து இரும்பு எவ்வளவு என்று பார்த்தேன். பாதிக்குப் பாதி துரு. இரும்பு ஆக்ஸைடு. கூட அலுமினா. காரத்தோடு ஒட்டிக்கொள்ள அதில் மணல் கொஞ்சம்தான்.

பட்டறைச் செதில் அவ்வளவு கிடைக்காது. சரளையோ கேட்பாரற்றுக் கிடப்பது.

தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் கெட்டவராகத் தெரிய மாட்டார். தீபாவளிக்குப் பெண் ஊழியர்களுக்குத் தன் கையால் ஸ்வீட் கொடுப்பார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எண்ணெய் பாக்கத்தானே வந்தே?"

"ஆமா சார். ஆனா இது..."

"ரோட்டுக்குக் கொட்டற சரளையைப் போய் பாய்லர்ல கொட்டச் சொல்றியே. நாளைக்கு டியூப் ஓட்டையாச்சின்னா உங்கப்பாவா வந்து அடைப்பாரு?"

"மணலைவிடக் கொஞ்சம் கனம் சார். காத்து கூட வேணும், அவ்வளவுதான். சோதிச்சுப் பாத்துட்டேன். கட்டவே இல்ல. ஆளுங்க உள்ள இறங்க வேண்டியிருக்காது."

"அவங்களுக்கு அது பழக்கம்மா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மழை பெய்தால் ஈரமாகும் என்பதுபோல் சொன்னார்.

நெருப்பு யாருக்காவது பழகுமா? அந்த அறையில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாளை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மாசிக்கு மேல் மேனேஜர் மகள் கல்யாணத்துக்காக லீவில் போனார். போன இரண்டாம் நாளே பெட் கட்டியது. பாய்லர்க்காரர் மாடியேறி லேப் வாசலுக்கு வந்தார். உள்ளே வர மாட்டார், வாசலோடு நிற்பார்.

"இன்னா மேடம், உங்க சரளையைப் போட்டுப் பாப்பமா?"

"மேனேஜர் வந்து கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன். போடலாமா வேணாமா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

"போடலாம்ணே" என்றேன். என் வாயால் சொன்னேன். இதை அழுத்தி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த முறை பெட்டை இரண்டு நாள் ஆறவிட்டார். யாரையும் சாக்கு சுற்றி இறக்கவில்லை. இரண்டு டிராக்டர் சரளை வந்தது. தோல் களத்துப் பெண்கள் பெரிய சல்லடையில் ஒருமுறை, சின்ன சல்லடையில் ஒருமுறை சலித்து, பொடியைத் தள்ளிவிட்டு வெயிலில் உலர்த்தினார்கள். போட்டு ஊதியதும் புளோயர் முக்கியது. புகைபோக்கியிலிருந்து சிவப்பாகத் தூசு கிளம்பி காலனியில் காயப்போட்ட துணியெல்லாம் காவி ஏறியது. பெண்கள் வந்து பேஜாராகச் சண்டை போட்டார்கள். மறுநாள் தூசு அடங்கியது. பெட் அழகாகக் கொதித்தது. மணலில் ஒரு மூலை வெள்ளையாகவும் ஒரு மூலை கருப்பாகவும் இருக்கும். இதில் நெருப்பு எங்கும் ஒரே நிறம். துருவே ஆக்ஸிஜனைச் சேர்த்துவைத்து நெருப்புக்குக் கொடுப்பதுபோல் புகை குறைந்துவிட்டது. நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள். பாய்லர்க்காரர் நீளக் கம்பியை விட்டுக் கிண்டிப் பார்த்து, கம்பியை வெளியே இழுத்து என் ஜன்னலைப் பார்த்துத் தூக்கிக் காட்டுவார். கம்பியில் ஒரு கட்டி ஒட்டியிருக்காது.

எட்டாம் நாள் மேனேஜர் வந்தார். வாசலில் கொட்டிக் கிடந்த சரளையைப் பார்த்தார். நேரே பாய்லருக்குப் போனார். மாடி ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"யாரைக் கேட்டுடா மண்ணைக் கொட்டினே?"

"நான்தான் சார் போட்டேன். எட்டு நாளா கட்டல, வந்து பாருங்க."

"நீ என்ன என்ஜினீயரா?"

"இல்ல சார்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கவில்லை. "யாரும் இல்ல சார்" என்றார்.

நான் கீழே இறங்கியிருக்க வேண்டும். பத்துப் பதினைந்து படிதான். கையில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலமே அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். நாலு நாள் கழித்து விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் கணக்குப்பிள்ளையும். பாய்லர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"இவர் பாய்லர்ல மண் போட்டது உனக்குத் தெரியுமாம்மா?"

என்னிடம் வாங்கிப் பார்த்த தாளை அந்த மனுஷர் மறந்திருக்க முடியாது. மறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிக் கேட்டார். எனக்கும் அது புரிந்தது. புரிந்துதான் சொன்னேன்:

"நான் பாய்லர் தண்ணி மட்டும்தான் சார் பாப்பேன்."

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரளையை வாரி வெளியே கொட்டிவிட்டு மறுபடி ஆற்று மணலைப் போட்டார்கள்.

புது ஆள் வந்தான். பெட் கட்டிய முதல் தடவை அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மேலே பாறையாக இறுகிக் கிடந்தாலும் அடியில் சில இடத்தில் ஒட்டாத மணல் பழுத்த நிலையிலேயே இருக்கும். பாய்லர்க்காரராக இருந்தால் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆளை விடுவார். இவன் விட்டுவிட்டான். தம்பிதான் முதலில் இறங்கினார். கடப்பாரையை ஓங்கிப் போட்டதும் பாறை உடைந்து வலது கால் கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

நான் ஓடிப் போனபோது அண்ணன்காரர் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஆபீஸ் வாசலில் மேனேஜரின் வெள்ளை அம்பாசிடர் நின்றது. டிரைவர் கதவைத் திறக்கப் போனான். மேனேஜர் படியிலிருந்து, "தோல் லாரி போகுது பார், அதுல ஏத்து, ஜல்தி" என்றார். லாரியின் பின்னால், மல்லாட்டைத் தோலின் மேல், திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனார்கள். கார் அங்கேயேதான் நின்றது. யாருக்கும் அன்று அது தேவைப்படவில்லை.

நான் ஆபீஸுக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை.

"கார் இருந்துதே சார்."

"நீ உன் வேலையைப் பாரும்மா."

"பழக்கம்னு சொன்னீங்களே. இது எத்தனாவது தடவையில பழகும்?"

"குரலை ஒசத்தாதே."

"அந்தச் சரளையை எழுதிக் கொடுத்தது நான். போடச் சொன்னதும் நான். விசாரணையில பொய் சொன்னேன். இப்ப சொல்றேன், எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் எழுதினேன். பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பக்கம். வீட்டில் அப்பா படித்துப் பார்த்தார். ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அர்த்தம் உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் வருவதற்கு மூன்று நாள் முன்னால் வெளியே கிடந்த செஞ்சரளையை மறுபடி சலிக்கச் சொல்லி பெட்டில் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது அது ஜம்மென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நாங்களே யோசிச்சுப் புதுசா செஞ்சிருக்கோம் சார். இனிமே ஆள் இறங்கற பிரச்சனை அடிக்கடி வராது" என்று மேனேஜர் விளக்கினார். இன்ஸ்பெக்டர் சரளையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "நல்ல ஐடியா" என்றார். என்னை ஐந்து நிமிஷம் கூப்பிட்டுப் பேசினார். தொழிலாளி அனுமதியில்லாமல் தானாகவே உள்ளே இறங்கினார் என்று ரிப்போர்ட் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய்லர்க்காரரைத் தேடிப் போனேன். விக்கிரவாண்டியில் ஒரு ரைஸ் மில்லில் உமி அடுப்பு ஓட்டுகிறார் என்று அண்ணன்காரர் சொல்லியிருந்தார். சர்டிபிகேட் கேட்காத மில். மில்லுக்குப் பின்னாலேயே ஒரு ஓலைக் கொட்டகையில் குடும்பம். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் உமி முறத்தோடு நின்றார்.

"இன்னாத்துக்கு வந்தீங்க?"

"எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே. நான்தான் போடச் சொன்னேன்னு."

"எப்ப?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா என்னை வெச்சிக்கினு இருப்பானா? மாட்டான். அது எனக்குத் தெரியும். உங்களை அனுப்பியிருப்பானா? அனுப்பியிருக்க மாட்டான், கண்டிச்சி உட்டிருப்பான். அதுவும் எனக்குத் தெரியும். அதனாலதான் உங்க பேரைச் சொல்லல. ஆனா நீங்க சொல்லியிருக்கணும்."

"தப்புதான் அண்ணே. மன்னிச்சிடுங்க."

"அதை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நான் அங்க இருந்திருந்தா அவன் கால் போயிருக்குமா?" என்றவர் முறத்தைத் திரும்ப எடுத்தார். "பஸ் இருக்கும்போதே கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பில் உமியைத் தள்ள ஆரம்பித்தார்.

தம்பிக்காரருக்கு வலது கால் விரல்கள் போய்விட்டன. சேற்றில் நின்று நடவு செய்ய முடியாது, மூட்டை தூக்க முடியாது. அவர் மனைவியைக் களத்தில் சரளை சலிக்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதைப் பெரிய உபகாரமாக மேனேஜர் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெட் அதற்கப்புறம் வாரக்கணக்கில் கட்டாமல் ஓடியது உண்மை. நிறுத்தும்போது ஆறவிட்டு நிதானமாக வாரினார்கள், அதுவும் உண்மை. 'கடைசியில நல்லதுதானே நடந்தது, விடும்மா' என்று ஆலையில் எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள்! அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் அந்த வட்ட வாசலுக்குள் தலையை விட்டவர் இல்லை.

சித்திரையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முதலாளியின் இன்னொரு ஆலைக்கும் இதே யோசனையை அனுப்ப வேண்டுமாம். சரளையில் இரும்பு எவ்வளவு, எந்த அளவில் சலிக்க வேண்டும், எவ்வளவு காற்று என்று விவரமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் எழுதினேன். அந்த ஆலையிலும் யாரோ சாக்கு சுற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் மட்டும்தான் எழுதினேன். தலைப்புக்குக் கீழே பாய்லர்க்காரர் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து டைப்பிஸ்ட் பெண் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரதியைக் கொண்டுவந்து காட்டினாள். எழுத்துக்கு எழுத்து என் வாக்கியங்கள். பெயர் இருந்த இடத்தில் மேனேஜர் பெயர்.

"நீ எழுதிக் கொடுத்ததைத்தான் அடிக்கப் போனேன்டி. அவர்தான் பேனாவால அடிச்சிட்டு மாத்தச் சொன்னார்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவளிடமே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ராஜினாமாவை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நடந்த எல்லாவற்றையும், காரில் ஏற்றாதது உட்பட, நான் விசாரணையில் சொன்ன பொய் உட்பட, வரிசையாக எழுதினேன். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

மேனேஜர் படித்துவிட்டு, "சொந்தக் காரணம்னு ஒரு வரி போட்டுக் குடு, போதும்" என்றார்.

"இதுதான் சார் என் சொந்தக் காரணம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.